பின்விளக்கும் ஒரு பச்சை ஒயரும்



நம் கடற்கரைப் பக்கம் பழைய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் இன்னும் நிறைய ஓடுகிறது. மீன் ஏற்றிப் போகிறவர்களிடம் அதிகம். இந்தப் பதிவு அவர்களுக்காக.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர் பாம்பனில் மீன் எடுத்து, உச்சிப்புளி பக்கம் விற்கிறார். இருட்டோடு பாலம் ஏறுபவர். அவர் வண்டியில் பின்விளக்கு எரியவில்லை. பிரேக் மிதித்தால் மங்கலாக மினுங்கும், அவ்வளவுதான். “ஒயரிங் செட்டையே மாத்தணும்னு சொல்றாங்க சார். அதுக்கு வண்டிய வித்துரலாம்னு இருக்கேன்” என்றார். பின்னால் வரும் லாரிக்காரருக்கு அந்தச் சிவப்பு வெளிச்சம்தானே அடையாளம்! “வித்துராதப்பா, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வா” என்றேன்.

ஒயரைப் பிடுங்கும் முன் படம் வரைய வேண்டும். எந்த நிற ஒயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுத வேண்டும். இந்த வண்டியில் பச்சை என்றால் எர்த். சிவப்பு பேட்டரியிலிருந்து வருவது. கறுப்பு, சாவி போட்ட பிறகு மின்சாரம் வருவது. கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டதை மட்டும் வெட்டிவிடாதீர்கள். சாவியை அணைக்கும்போது அந்த ஒயர் எர்த்தோடு சேர்வதால்தான் எஞ்சின் நிற்கிறது. வெட்டினால் சாவியை எடுத்தாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுத்து, விளக்குகளை இரண்டு வகையாகப் பிரியுங்கள். பழைய ஸ்பிளெண்டரில் ஹெட்லைட்டும் பின்விளக்கும் மேக்னெட்டிலிருந்து நேராக எரிபவை. அதனால்தான் ஆக்சிலேட்டர் கொடுத்தால் பிரகாசம் கூடும். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் பேட்டரியில் வேலை செய்பவை. இவை மூன்றும் ஒன்றாகப் போனால் முதலில் பியூஸையும் பேட்டரியையும் பாருங்கள். ஆனால் தம்பியின் வண்டியில் பின்விளக்கும் பிரேக் லைட்டும் சேர்ந்து கெட்டிருந்தன. இரண்டுக்கும் பொது எது? எர்த் ஒயர்!

பல்பு ஹோல்டரின் பச்சை ஒயரிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் தனி ஒயர் ஒன்றைத் தொட்டுப் பார்த்தோம். எஞ்சின் ஓட, பின்விளக்கு பளிச்சென்று எரிந்தது. மின்சாரம் போக வழி இருக்கிறது, திரும்பி வரத்தான் வழியில்லை. வகுப்பில் பேட்டரிக்கட்டையும் பல்பும் வைத்து நடத்திய அதே மின்சுற்றுப் பாடம்தான்.

பச்சை ஒயரை விரலால் தடவிக்கொண்டே முன்னால் போனோம். சீட்டுக்கு அடியில் கப்ளருக்குள் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் அங்கேதான் இறங்குகிறது. போதாததற்கு, பேட்டரியின் மெல்லிய மூச்சு டியூபும் கழன்று கிடந்தது. அமில ஆவி கீழே போகாமல் ஒயர் மேலேயே பட்டிருக்கிறது. உப்புத்தாளால் சுரண்டி, புது முனை போட்டு, கிரீஸ் தடவினோம். டியூபைச் செயினுக்கும் ஒயருக்கும் படாமல் கீழே இறக்கி மாட்டினோம். ஒயரிங் செட் வாங்கும் வேலையே இல்லை.

டியூப் என்றதும் இன்னொன்று. பெட்ரோல் காக்கிலிருந்து கார்பரேட்டருக்கு வரும் டியூபை மடக்கிப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். எஞ்சினிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும் மூச்சு டியூபும் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊர் உப்புக்காற்று முதலில் கடிப்பது இணைப்புகளைத்தான். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கும் துருவோடு ஓயாத போராட்டமாக இருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, தனிப்பூச்சு இவற்றோடு, மூட்டுகளையும் முழுக்க வெல்டிங் செய்திருக்கிறார்கள். நம் வண்டியில் கப்ளரை வெல்டிங் செய்ய முடியாது. ஆகவே மீன் பெட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் ஷீட் போடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கப்ளர்களைக் கழற்றித் துடையுங்கள்.

இன்று இரவு வண்டியை நிறுத்தும் முன், வீட்டில் யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லிப் பிரேக்கை ஒருமுறை மிதியுங்கள். எரியாவிட்டால் நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், வீட்டில்தான் இருக்கிறேன்.