பலகைக்கு ஏறின காலம்

தொண்டிப் பக்கத்துக் கடற்கரையில் வளர்ந்தவன் நான். குங்கிலியம் காய்ச்சுகிற வாசனை எங்கிருந்து வந்தாலும் இன்றைக்கும் எனக்குக் கால் நின்றுவிடும். வாடைக்காற்று ஓய்ந்து கடல் தெளிகிற மாதங்களில் வத்தை என்கிற எங்கள் பாய்ப்படகுகளைக் கரையேற்றிச் சாய்த்து வைத்து, பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுவார்கள். அந்தப் புகைக்குள் உளிச் சத்தமும், படகு கட்டுகிற ஆசாரி வெற்றிலை இடிக்கிற சத்தமும், அப்பத்தா தூக்குச்சட்டியில் கொண்டுவருகிற நீராகாரத்தின் புளிப்பும், காய்கிற வலையின் கவிச்சியும் ஒன்றாய்க் கலந்து கிடக்கும்.

ஆசாரிக்கு வரைபடமே கிடையாது. முழக்கயிறும் கண்ணும்தான். கண்மாய்க் கரைகளில் நடந்து, இயற்கையாகவே வளைந்து நிற்கிற நாட்டுக் கருவேலமாய்ப் பார்த்துத் தட்டித் தட்டித் தேர்ந்தெடுப்பார். நேர்மரத்தை அறுத்து வளைவாக்கினால் நரம்பு அறுந்துபோகும், வளைந்தே பிறந்த மரம் அலைக்கு உடையாது என்பார். நானும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், வழியில் நிற்கிற மரத்தையெல்லாம் தட்டிப் பார்த்துப் பெரிய மனுசன்போல் தலையாட்டுவேன். அவர் சிரிக்கவே மாட்டார். "என்ன மாப்பிள்ளை, தேறுமா?" என்று கேட்பார்.

வத்தை ஒடுக்கமானது, நீளமானது, அடி தட்டையானது. பாக் நீரிணைப்புக் கடல் பல இடங்களில் ஆறேழு பாகம்கூட ஆழமில்லாதது. கரையோரமோ வெறும் சேறும் மணலும். ஆழக்கடல் படகுக்கு இருக்கிற மாதிரி அடியில் ஆழமாய் ஏரா வைத்தால் இங்கே தரை தட்டும். ஏரா இல்லாவிட்டாலோ பக்கக் காற்றில் படகு ஒதுங்கிக்கொண்டே போகும். அதற்காகத்தான் படகு ஒதுங்குகிற பக்கத்தில் ஒரு கனத்த பலகையை நீருக்குள் இறக்குவார்கள். ஆழம் குறைந்ததும் தூக்கிக்கொள்ளலாம். எத்தனையோ படகுகளைப் பார்த்துவிட்டேன். இவ்வளவு எளிமையான, இவ்வளவு சரியான ஏற்பாட்டை அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் என் மனசு முழுக்க இன்னொரு பலகையில்தான் இருந்தது. ஒடுங்கின உடம்பு வேகமாய் ஓடும், சட்டென்று சாயவும் செய்யும். மூன்று பாயும் விரிந்து கச்சான் காற்று ஏறும்போது, வத்தையின் குறுக்கே கட்டியிருக்கிற நீளப் பலகையைக் காற்று வருகிற பக்கமாக வெளியே தள்ளி, ஆட்கள் அதன்மேல் ஏறி உட்காருவார்கள். எவ்வளவு வெளியே நகர்கிறார்களோ அவ்வளவு படகு நிமிரும். அக்கரையில் இலங்கையின் ஒருவா படகுகளில் காற்றையே ஒரு ஆள் காற்று, இரண்டு ஆள் காற்று என்று சொல்கிற வழக்கம் இருந்தது. மனித எடையைக் காற்றின் அளவுகோலாக்கிய கடல் இது.

எனக்குக் கிடைத்த வேலை பனையோலைப் பட்டையால் தண்ணீர் இறைப்பது. ஐயா சுக்கானில் இருப்பார், சித்தப்பா பாயை இழுத்துப் பிடிக்கிற தாமான் கயிற்றைப் பிடித்திருப்பார். "பலகைக்கு ஏறுங்கடா!" என்று ஐயா குரல் கொடுத்ததும் எல்லோரும் ஓட, நான் பட்டையை விட்டுவிட்டு எழுந்திருப்பேன். "நீ ஏறினா காத்துக்குத் தெரியவா போகுது, இறைடா!" என்பார் சித்தப்பா. ஒருநாள் காற்று இளகியிருந்தபோது, ஐயா கண்ணாலேயே சரி என்றார். உப்புப் பட்டு வழுவழுத்துப்போன பலகையில் குப்புறப் படுத்து நுனிவரை நகர்ந்தேன். கீழே தண்ணீர் சர்ரென்று கிழிந்து ஓடுகிறது, தலைக்கு மேலே பட்டைச் சாயம் ஏறின பழுப்புப் பாய் புடைத்து நிற்கிறது, சித்தப்பாவின் முரட்டுக் கை என் அரைஞாண் கயிற்றைப் பிடித்திருக்கிறது. படகை நான்தான் நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன் என்று முழுமனசாய் நம்பினேன்.

இப்படிப் படகு கட்டுகிற விதத்தை எழுதி வைத்தவர்களும் உண்டு. மதராஸ் மாகாண மீன்வளத் துறைக்கு இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் வடிவமைப்பைப் பற்றி 1920-இல் விரிவாக எழுதினார். அதற்கப்புறம் இயந்திரம் வந்தது, கண்ணாடியிழைப் படகு வந்தது. காற்றுக்குக் காத்திராமல் போய்வருகிறவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஐயாவே கடைசிக் காலத்தில் இயந்திரச் சத்தம் கேட்டால் சந்தோஷப்படுவார்.

ஆனால் எங்கள் ஆசாரியின் கணக்குகள் எந்த ஏட்டிலும் ஏறாமல் அவரோடு போய்விட்டன. உங்கள் கரையில் வத்தை கட்டிய கை ஒன்று இன்னும் இருந்தால், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். நீளம் எத்தனை முழம், பலகை எவ்வளவு வெளியே நீளும், பாய் எத்தனை கெஜம் என்று கேட்டு எழுதி வையுங்கள்.