ஸ்பானியம் கற்கத் தமிழ் போதும்!



"ஆங்கில இலக்கணமே அச்சுறுத்துகிறது, காளவாசல் பெண்ணுக்கு ஸ்பானியம் எதற்கு?" என்று பலர் என்னைக் கேட்பதுண்டு. சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்கும் அம்மொழி, தமிழ் அறிந்த நமக்கு அத்துணை அந்நியமன்று.

தமிழில் 'பேசுகிறேன்' என்றாலே போதும், 'நான்' தேவையில்லை. விகுதியே ஆளைக் காட்டிவிடும். ஸ்பானியத்திலும் அவ்வாறே! 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன். 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய். 'ஆப்லாமோஸ்' என்றால் பேசுகிறோம். ஆங்கிலத்திலோ 'நான்', 'நீ' என்று சொல்லியே ஆகவேண்டும்.

'மே குஸ்தா எல் மாங்கோ' என்பதைப் பாருங்கள். 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்பதே பொருள். ஆங்கிலம் வழியே கற்போர்க்கு இது தலைகீழ் வாக்கியம். நமக்கோ பழகிய நான்காம் வேற்றுமை!

மாறுபாடுகளும் உண்டு. நாம் வினையை இறுதியில் வைக்கிறோம்; அவர்கள் பெரும்பாலும் நடுவில் வைப்பர். நமக்கு அஃறிணையான மேசை அங்கே 'லா மேசா' என்று பெண்பாலாகிவிடும். நம் 'மேசை'யும் ஸ்பானியத்தின் உடன்பிறப்பான போர்ச்சுகீசிய மொழி தந்த சொல்லே!

தமிழ் வகுப்பில் கற்கும் விகுதியும் வேற்றுமையும் தேர்வுக்காக மட்டுமல்ல; பிறமொழிக் கதவுகளையும் அவை திறக்கும். ஆங்கிலம் கடினம் என்பதால், 'எனக்கு மொழி வராது' என்று எவரும் சோர வேண்டாம். தாய்மொழி இலக்கணத்தை ஊன்றிக் கற்போம், உலகோடு உரையாடுவோம்!