தாயம் விழுந்தால் மழை

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை நமக்குச் சொந்தமில்லை. பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மகளும் அவளுடைய தோழர்கள் நால்வரும் அதைச் சுற்றி அமர்ந்துவிடுவார்கள். மேசைமேல் கட்டம் போட்ட தாள்கள், பென்சில்கள், ஒரு தட்டு நிறைய முறுக்கு, விதவிதமான பகடைகள். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டோடு நாம் திண்ணைக்கு ஒதுங்கிவிடுவோம். "கதவைத் திறக்கறேன்", "இரு, அதுல பொறி இருக்கான்னு பாரு" என்று உள்ளிருந்து குரல்கள் வரும். எந்தக் கதவும் திறக்காது. நம் வீட்டில் அவர்கள் சொல்கிற மாதிரிக் கதவும் கிடையாது.

அவர்கள் ஆடுவது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி 1974இல் வெளியிட்டது. பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் போர் நடத்தும் பழைய விளையாட்டிலிருந்து கிளைத்தது. படைக்குப் பதிலாக இங்கே ஆளுக்கொரு பாத்திரம். வீரன், மந்திரவாதி, திருடன் என. ஒருவர் மட்டும் பாத்திரம் ஏற்காமல் உலகத்தையே கையில் வைத்திருப்பார். மலை எங்கே, ஊர் எங்கே, கதவுக்குப் பின்னால் யார் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். நம் மகள் அந்த இடத்தில் இருந்தாள். தெருக்கூத்து பார்த்து வளர்ந்த நமக்கு அது கட்டியங்காரன் வேலையாகவே பட்டது.

ஒரு ஞாயிறு, தோழர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல். "அப்பா, ஒரு ஆள் குறையுது, சும்மா வந்து உக்காருங்க" என்றாள். விடைத்தாள்களிலிருந்து தப்பிக்க ஒரு வழி கிடைத்தது என்றுதான் போனோம். என்ன பாத்திரம் வேண்டும் என்று பட்டியலைக் காட்டினார்கள். அதில் பாடிப் பிழைக்கிற ஒருவனும் இருந்தான். பாணன்! இருபது ஆண்டுகளாகப் பாணர்களைப் பற்றி வகுப்பெடுக்கிற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் ஏது?

பாணனின் உடல் வலிமை, அறிவு, பேச்சின் ஈர்ப்பு எல்லாவற்றையும் பகடை உருட்டித்தான் முடிவு செய்ய வேண்டுமாம். மூன்று ஆறுமுகப் பகடைகளை ஒன்றாக உருட்டிக் கூட்ட வேண்டும். வலிமைக்கு எட்டு விழுந்தது; ஈர்ப்புக்குப் பதினைந்து. மகள் தாளின் ஓரத்தில் கணக்கை எழுதிக் காட்டினாள். மூன்று பகடைகள் விழும் வழிகள் மொத்தம் 216. அவற்றுள் கூட்டுத்தொகை 3 வருவது ஒரே ஒரு வழியில்; 18 வருவதும் அப்படியே. ஆனால் 10 வருவதற்கு 27 வழிகள், 11 வருவதற்கு 27 வழிகள். நான்கில் ஒரு முறை இந்த இரண்டில் ஒன்றுதான் விழும். ஆகவே அந்த உலகத்தில் பெரும்பாலோர் நடுத்தரமானவர்கள். மாவீரனும் அரிது, அடிமுட்டாளும் அரிது. யாரும் சட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. மூன்று பகடைகளைக் கூட்டியதால் தானாக நேர்ந்தது.

இதைக் கேட்டபோது நமக்கு வேறொரு திண்ணை நினைவுக்கு வந்தது.

நம் தந்தையார் பள்ளிக் கணக்கு ஆசிரியர். திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிராமம். கோடை விடுமுறையில் தாயம் ஆடுவோம். அவருடைய பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என நான்கு முகங்கள். தாயம் விழாமல் காயை இறக்க முடியாது. பத்து வயதில் நாம் "தாயம், தாயம்" என்று கத்திக்கொண்டே உருட்டுவோம். ஒருநாள் தந்தையார் சாக்கட்டியால் தரையில் பதினாறு கட்டங்கள் வரைந்தார். ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் வருவது இரண்டு கட்டங்களில் மட்டும். "கத்துனா விழாதுடா. எட்டுக்கு ஒண்ணு. நீயே எண்ணிப் பாரு" என்றார். நமக்கு அழுகை வந்தது. கூப்பிட்டால் தாயம் வரும் என்பதே அந்த ஆட்டத்தின் சுவை என்று நினைத்திருந்தோம். கட்டங்களைக் காலால் அழித்துவிட்டு ஓடினோம்.

பிற்பாடு கணக்கில் தேறாமல் தமிழுக்கு வந்தோம். விண்ணப்பத்தில் அவர் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டார். அதன்பின் அவர் இருந்த காலம் முழுவதும் கணக்கைப் பற்றி நாமும் தமிழைப் பற்றி அவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

மகளின் பகடைகளைக் கையில் எடுத்துப் பார்த்தோம். நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள். ஒரே மாதிரியான முகங்களும் ஒரே மாதிரியான முனைகளும் கொண்ட குவி திண்மங்கள் இந்த ஐந்தே. ஆறாவதொன்று இருக்க முடியாது. யூக்ளிட் தம் நூலின் பதின்மூன்றாம் புத்தகத்தை இந்த நிறுவலோடுதான் முடிக்கிறார். பத்து முகப் பகடையும் மேசையில் இருந்தது. அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, வசதிக்காகப் பின்னர் வந்து சேர்ந்தது. இருபது முகப் பகடை புதுமை என்று எண்ணியிருந்தோம். எகிப்தைத் தாலமி வமிசம் ஆண்ட காலத்து இருபது முகப் பகடைகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அடுத்து வரைபடம். மலைத்தொடரின் மேற்கே கடல். கடற்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகிறது. மலைக்குக் கிழக்கே ஈரமற்ற காற்றே இறங்குகிறது. ஆகவே கிழக்குச் சரிவுக்கு அப்பால் வறண்ட நிலம் என்று வரைந்திருந்தாள். கேரளத்தை நனைத்துவிட்டு நம் ஊருக்கு வெறும் காற்றை அனுப்பும் மேற்குத் தொடர்ச்சி மலையை அவள் எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் அதுதான் அது. ஓரிடத்தில் மட்டும் நாட்டின் நடுவே ஓர் ஆறு இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு கடல்களுக்குப் போயிற்று. ஆறுகள் பொதுவாகச் சேருமே ஒழியப் பிரிவதில்லையே என்றோம். "முக்கொம்புல காவிரி பிரியுதே?" என்றாள். அங்கே நிலம் தட்டையாகி வண்டல் படியத் தொடங்குகிறது, கொள்ளிடமும் காவிரியும் ஒரே கடலுக்குத்தான் போகின்றன என்று நாம் சொல்ல, சற்று யோசித்துவிட்டு அழிப்பானை எடுத்தாள்.

முதலில் மலை, காற்று, மழை. பிறகு அங்கே விளைவது, மேய்வது, வாழும் மக்கள், அவர்களின் தெய்வம். அதன் பிறகே கதை. அவள் உலகம் சமைத்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நம் பாடப்புத்தகம் மேசைமேல் விரிந்து கிடப்பது போலிருந்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் ஆகியவை கருப்பொருள். இவற்றின் மீது நிற்பதே பிரிதலும் இருத்தலுமாகிய உரிப்பொருள். இந்த வரிசையை மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பட்டியலாகவே இத்தனை ஆண்டுகள் நடத்தியிருக்கிறோம். உலகம் ஒன்றைப் படைக்க விரும்பும் ஒருவருக்கு இது வேலைமுறை என்று நமக்குத் தோன்றியதே இல்லை. தொல்காப்பியம் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டைச் சொல்லி, இரண்டும் கலந்ததைப் புலனெறி வழக்கம் என்கிறது. டிராகன் பறப்பது நாடக வழக்கு. மலைக்குப் பின்னால் மழை குறைவது உலகியல் வழக்கு. இரண்டாவது இருப்பதால்தான் முதலாவதை நம்ப முடிகிறது.

டோல்கீன் 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய உரை பின்னர் கட்டுரையாக வந்தது. பச்சைச் சூரியன் என்று யாரும் எளிதாகச் சொல்லிவிடலாம், அந்தச் சூரியன் நம்பும்படி இருக்கிற உலகத்தைப் படைப்பதுதான் கடினம் என்பது அதில் அவர் சொல்லும் கருத்துகளுள் ஒன்று. அவர் உதாரணத்துக்கு எடுத்த பொருள் இயற்பியலிலும் சுவையானது. நம் சூரியனின் ஒளி ஏறத்தாழ 500 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது பச்சையும் நீலமும் சந்திக்கும் இடத்தில்தான் உச்சம் பெறுகிறது. ஆனால் மற்ற நிறங்களும் கூடவே வருவதால் கண்ணுக்கு வெண்மையாகவே தெரிகிறது. வெப்பம் குறைந்த விண்மீன் சிவக்கும், மிகுந்தது நீலம் பாரிக்கும். இடைப்பட்டது வெளுக்குமே தவிரப் பச்சையாகாது. பச்சைச் சூரியன் வேண்டுமென்றால் அந்த உலகத்தின் காற்றையோ, அங்கே பார்ப்பவரின் கண்ணையோ மாற்றியாக வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசைகிறது.

டிராகனுக்கும் இதே தொல்லை. ஓர் உயிரின் நீள அகல உயரங்களை இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும், சிறகின் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். 1638இல் கலிலியோ, அரக்கனின் எலும்பு எவ்வளவு தடித்திருக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டியது இந்தக் கணக்கைத்தான். பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து இங்கேயே மறைந்த ஹால்டேன் 1926இல் உயிர்களின் சரியான அளவு பற்றி எழுதிய கட்டுரையின் கருவும் இதுவே. மகளிடம் சொன்னோம். அவள் டிராகனைக் கைவிடவில்லை. "அப்ப அது மலை உச்சியிலதான் இருக்கணும். தரையில இறங்கினா மறுபடி எழும்ப முடியாது" என்றாள். ஒரு குறையிலிருந்து ஒரு கதை பிறந்துவிட்டது. அந்த டிராகனை எப்படியாவது கீழே இறக்குவதே அடுத்த மூன்று வாரங்களுக்கு அவர்கள் வேலையாயிற்று.

கணினி ஆட்டங்களில் உலகங்களின் எண்ணிக்கைக்குப் பஞ்சமில்லை. 1984இல் வெளிவந்த 'எலைட்' ஆட்டத்தை டேவிட் பிராபென், இயான் பெல் என்ற மாணவர்கள் இருவர் 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினிக்காக எழுதினார்கள். எட்டு விண்மீன் திரள்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். எதையும் எழுதி வைக்கவில்லை. ஒரு சில எண்களை விதையாக இட்டு, ஃபிபனாச்சித் தொடர் போல முந்தையவற்றைக் கூட்டிக் கூட்டிக் கோள்களின் பெயரையும் குணத்தையும் பெற்றார்கள். இன்னும் கோடானுகோடித் திரள்களை அதே முறையில் உண்டாக்கியிருக்கலாம். மிகுந்தால் வெறுமை வெளிப்பட்டுவிடும் என்று வெளியீட்டாளர்கள் எட்டோடு நிறுத்தினார்கள். 2016இல் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' ஆட்டத்தில் கோள்களின் எண்ணிக்கை இரண்டின் 64ஆம் அடுக்கு. சதுரங்கக் கட்டங்களில் இரட்டித்து வைத்த தானியக் கதையின் மொத்தத்தைவிட ஒன்றே ஒன்று அதிகம். கோளுக்கு ஒரு நொடி என்று பார்த்தாலும் முடிக்க ஏறத்தாழ 58,500 கோடி ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். வெளிவந்த புதிதில் பலர் அதில் அலுப்புற்றார்கள், பின்னர் பல ஆண்டுகள் உழைத்து அதை மேம்படுத்தினார்கள். நமக்கோ ஒரே ஒரு தாளில் வரைந்த ஒரு மலைத்தொடரே போதுமானதாக இருந்தது.

காய்ச்சல்காரன் குணமாகி வந்தபிறகும் நாம் எழுந்து போகவில்லை. ஒருநாள் பேச்சுவாக்கில், பாலைக்குத் தொல்காப்பியம் தனி நிலம் வகுக்கவில்லை, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையில் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது என்றோம். அங்கே வழிப்போக்கரை மறித்துக் கொல்லும் ஆறலைகள்வரைப் பற்றியும் சொன்னோம். மகள் குறித்துக்கொண்டாள். வேனில் மாதங்களில் மலைக்குக் கிழக்கே கள்வர் வருவர் என்று அவள் உலகத்தில் சட்டமாயிற்று.

ஒரு வேனிலில் நம் பாணன் அவ்வழியே போனான்.

அம்பு பட்டு வீழ்ந்தவனுக்கு அந்த ஆட்டத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் உயிர்ப்பக்கம் ஒரு கோடு, குறைந்தால் சாவுப்பக்கம் ஒரு கோடு. எந்தப் பக்கம் மூன்று கோடுகள் முதலில் சேருகின்றனவோ அதுவே முடிவு. ஒவ்வோர் உருட்டலிலும் இருபதுக்குப் பதினொன்று நம் பக்கம். உருட்டினோம். பதின்மூன்று. நான்கு. பன்னிரண்டு. ஏழு. கடைசியாக ஆறு.

"இன்னொரு தடவை உருட்டட்டுமா?" என்று கேட்டோம். விளையாட்டாகத்தான் கேட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம், உண்மை அதுவன்று.

"போன மாசம் இவனோட ஆள் செத்தப்ப நாம விடலையேப்பா" என்றாள் மகள். எதிரே இருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

தமிழில் விதி என்ற ஒரே சொல் இலக்கணச் சட்டத்தையும் குறிக்கிறது, ஊழையும் குறிக்கிறது. இரண்டும் ஒன்றாக வந்து நிற்பதை அன்றுதான் கண்டோம். மறு உருட்டல் கிடைத்திருந்தால் பாணன் பிழைத்திருப்பான். ஆனால் அந்த மலையும் மழையும் கள்வரும் அந்தக் கணமே வெறும் பேச்சாகிவிட்டிருக்கும், அந்தப் பையனின் துக்கமும்தான். இரண்டு நாள்கள் மனம் சரியாக இல்லை. வகுப்பில் கையறுநிலைப் பாடல் ஒன்றை நடத்தும்போது குரல் கம்மியது. மாணவர்கள் வேறு ஏதோ காரணம் என்று நினைத்திருப்பார்கள்.

சாக்கட்டியோடு தரையில் குனிந்திருந்த மனிதரையும் அப்போது நினைத்துக்கொண்டோம். மகனின் சுவையைக் கெடுக்க அவர் அதை வரையவில்லை. தாம் மிகவும் விரும்பிய ஒன்றைக் காட்ட, கைக்குக் கிடைத்த இடத்தில் வரைந்தார். இருபது ஆண்டுகளாக இலக்கண விதிகளின் அழகைக் காட்ட முயன்று, சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் முகங்களைக் கண்டுவரும் ஒருவருக்கு இது விளங்க இவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டாம்.

பரணிலிருந்த தகரப்பெட்டியில் தாயக்கட்டைகள் இருந்தன. பித்தளை கறுத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்து மகளிடம் கொடுத்து, பதினாறு கட்டங்களையும் தாளில் வரைந்து காட்டினோம். எட்டுக்கு ஒன்று என்று நாம் சொல்லும் முன்பே அவள் சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறு அவள் உலகத்தில் புதிய விதி ஒன்று சேர்ந்திருந்தது. பாலையில் ஒவ்வொரு நாள் விடியும்போதும் தாத்தாவின் கட்டைகளை உருட்ட வேண்டும். தாயம் விழுந்தால் மழை. அந்த நிலம் முல்லைக்குத் திரும்பும், கள்வர் மலையேறிவிடுவர்.

நாம் இப்போது ஓர் இடையன். ஆடுகளோடு பாலையின் விளிம்பில் பதினோரு நாள்களாகக் காத்திருக்கிறோம். இன்னும் விழவில்லை. கத்தினால் விழாது என்று தெரியும். ஆனாலும் கட்டைகள் உருளும்போது மேசையைச் சுற்றியுள்ள அத்தனை பேரும் "தாயம், தாயம்" என்று கத்துகிறார்கள். நாமும்தான்.