ஆச்சியின் மஞ்சப்பை

நண்பர்களே, நம் லேபில் ஒரே லைனில் ஆறு மோட்டாரை ஓடவிட்டால் என்ன ஆகும்? ஃப்யூஸ் போகும். முதலாமாண்டுப் பையன்கூடச் சொல்லிவிடுவான். என் வீட்டில் அதே தப்பை நான் இரண்டு வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சிவகிரிக்குப் போனால் ஆச்சி காலி அட்டைகளை நீட்டுவாள். "மாத்திரை தீந்துபோச்சுய்யா, வாங்கிட்டு வா." நானும் பஜாருக்குப் போய்க் கடையில் அட்டையைக் காட்டுவேன். டாக்டர் சீட்டு எங்கே என்று யாரும் கேட்டதில்லை. 'பொறுப்பான பேரன்' என்று தெருவில் பேர் வேறு!

கொஞ்ச நாளில் ஆச்சியின் பேச்சு குழறியது. பகலெல்லாம் தூக்கம். என்னையே "யாருய்யா நீ?" என்றாள். "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். நானும் நம்பினேன். ஒரு விடியற்காலை தொழுவத்துப் பக்கம் விழுந்து கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "என்னென்ன மாத்திரை கொடுக்கிறீங்க?" மஞ்சப்பையைக் கொட்டினேன். ஒன்பது வகை! அதில் சர்க்கரைக்கு இரண்டு. கம்பெனிப் பெயர்தான் வேறு. இரண்டிலும் இருந்தது ஒரே கிளிமிபிரைடு. ஒன்று உள்ளூரில் எழுதியது, இன்னொன்று அத்தை வீட்டில் இருந்தபோது வேறொருவர் எழுதியது. அவருக்கு இவர் எழுதியது தெரியாது. சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது. போதாததற்குத் தூக்க மாத்திரை, அரிப்பு மாத்திரை, மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக்.

வயதானால் சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் குறைகிறது. நமக்குச் சரியான அளவே அவர்களுக்கு ஓவர்லோடு. 1991-லேயே அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ், முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைப் பட்டியல் போட்டார். 2023-ல் திருத்தி வெளியான அந்தப் பட்டியலில் டயஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகளும், குளோர்பெனிரமின் போன்ற அலர்ஜி மாத்திரைகளும் இருக்கின்றன. தடுமாற்றம், மறதி, விழுதல் இவற்றால் வரலாம். இல்லத்தில் இருப்பவர் கொடுத்ததை விழுங்குவார். எங்கள் வீட்டு ஆச்சியும் அப்படித்தானே?

டாக்டர் மூன்றை உடனே நிறுத்தினார். தூக்க மாத்திரையை மட்டும் சட்டென்று விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஒன்பது ஐந்தானது. சில வாரம் கழித்து ஆச்சி என்னைப் பார்த்து, "ஏன்யா இப்படி மெலிஞ்சிட்டே?" என்றாள். நான் வெளியே போய் அழுதேன்.

தோழர்களே, இந்த லீவில் உங்கள் வீட்டு மஞ்சப்பையைத் திறந்து பாருங்கள். அட்டையில் பெரிய எழுத்துக் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். பையோடு டாக்டரிடம் போய், "இது எல்லாமே வேணுமா சார்?" என்று கேளுங்கள்.

டிராயிங்கைப் படிக்காமல் நாம் வேலையைத் தொடுவதில்லை. மாத்திரை அட்டையை மட்டும் படிக்காமல் கொடுக்கலாமா?