ஹைட்ரோபோனிக் கஞ்சா 'சுத்தமான' கஞ்சாவா? ஒரு நீண்ட த்ரெட்

1/
"இது தண்ணில வளர்த்த சரக்கு டாக்டர். மண்ணு கிடையாது, கெமிக்கல் கிடையாது. பியூர்."

இந்த வரியை வேற வேற ஆளுங்க சொல்லிக் கேட்டாச்சு. பாங்காக்ல இருந்து வந்தவர்கிட்ட சென்னை ஏர்போர்ட்ல 'உயர் ரக ஹைட்ரோபோனிக் கஞ்சா' பிடிபட்டதுன்னு நியூஸ் வரும்போதெல்லாம், அந்த 'உயர் ரக' என்ற வார்த்தையே இலவச விளம்பரம் ஆயிடுது. அதுல என்ன உயர்ந்திருக்குன்னு பார்ப்போம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதல்ல சட்டத்தைச் சொல்லிடறேன். இந்தியாவுல 1985ஆம் வருஷத்து என்.டி.பி.எஸ். சட்டப்படி மொட்டை மாடித் தொட்டியில ஒரே ஒரு கஞ்சாச் செடி வளர்த்தாலும் குற்றம். 10 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். 'சொந்த உபயோகத்துக்கு ஒரு செடி' என்ற சலுகை எதுவும் கிடையாது.

3/
ஆனா எல்லா நாட்டிலும் இப்படி இல்ல. கனடாவுல 2018 அக்டோபர் 17 முதல், மத்திய சட்டப்படி பெரியவங்க இருக்கிற வீட்டுக்கு 4 செடி வளர்க்கலாம். ஜெர்மனியில 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்த ஒருத்தருக்கு 3 செடி. ரெண்டு நாட்டிலும் நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க. அதனால எனக்கு வர்ற கேள்விகள்ல பாதி அங்கிருந்துதான்.

4/
டொரோண்டோவுல இருந்து ஒரு அம்மா கேட்டது (அவங்க அனுமதியோட போடறேன்): "மூத்தவன் பேஸ்மென்ட்டில டென்ட் அடிச்சு நாலு செடி வளர்க்கிறான். சட்டப்படி சரியாம். கீழ போனா தேசிக்காய் வாசம் அடிக்குது. மருந்துச் செடிதானே அம்மா எண்டுறான். பயப்பட வேணுமோ டொக்டர்? இளையவனுக்கு 16 வயசு."

தேசிக்காய்னா நம்ம எலுமிச்சை. அந்த வாசனையில இருந்தே ஆரம்பிக்கலாம்.

5/
கஞ்சாவோட பெண் பூவை லென்ஸ் வச்சுப் பார்த்தா, குண்டூசித் தலை மாதிரி பளபளன்னு சின்னச் சின்ன சுரப்பிகள் தெரியும். பிசின் அங்கதான் ஊறுது. அந்தப் பிசினுக்குள்ள ரெண்டு கூட்டம் இருக்கு. ஒண்ணு, வாசனை தர்ற டெர்பீன்கள். இன்னொண்ணு, டி.எச்.சி., சி.பி.டி. மாதிரியான கன்னாபினாய்டுகள்.

6/
டெர்பீன் எல்லாம் உங்க சமையலறையிலேயே இருக்கு. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்ல லிமோனீன். மாம்பழத்துல மிர்சீன். கொத்தமல்லி விதையில லினலூல். மிளகு, கிராம்புல கேரியோஃபிலீன். அடுக்களை அலமாரியைத் திறந்தாலே பாதி வாசனை வந்துடும்.

அந்த மூக்கைத் துளைக்கிற நாத்தம் மட்டும் வேற. அது டெர்பீன் இல்ல, கந்தகம் கலந்த சேர்மங்கள். 2021ல தான் ஆராய்ச்சியாளர்கள் அதை அடையாளம் கண்டாங்க.

7/
இப்போ முக்கியமான விஷயம். போதை தர்றது டி.எச்.சி. 1964ல இஸ்ரேல்ல மெக்கூலமும் காவோனியும் தனியாப் பிரிச்சு எடுத்துக் காட்டின பொருள். அதுக்கு வாசனையே கிடையாதுன்னு சொல்லலாம்.

நாருக்கும் விதைக்கும் வளர்க்கிற ஹெம்ப் செடியும் இதே கஞ்சா இனம்தான். கனடா விதிப்படி அதோட பூவிலும் இலையிலும் டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆனா வாசனை மட்டும் கிட்டத்தட்ட இதே மாதிரி தூக்கலா வரும். ஆக, மூக்கை வச்சு வீரியத்தை அளக்க முடியாது.

8/
அடுத்தது 'தண்ணில வளர்த்தது'. ஹைட்ரோபோனிக்ஸ் ஒண்ணும் கஞ்சாவுக்காகக் கண்டுபிடிச்சது இல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல கெரிக்கே என்றவர் தொட்டித் தண்ணில தக்காளி வளர்த்துக் காட்டி, 1937ல இந்தப் பேரையும் பரப்பினார். இன்னைக்குக் கீரை, லெட்யூஸ் எல்லாம் இப்படி வளருது.

9/
வேர் தண்ணில இருக்கும். மண்ணு தர வேண்டியதை மனுஷன் கரைச்சு ஊத்தணும். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், கூடவே துளியூண்டு இரும்பு, துத்தநாகம். எல்லாமே உப்புகள்.

'கெமிக்கல் இல்லாதது' என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போச்சு. அந்தத் தொட்டியில இருக்கிறதே கெமிக்கல்தான்! அதுல தப்பும் இல்ல. மாட்டுச் சாணத்துல இருந்து வந்தாலும் பாக்கெட்டில் இருந்து வந்தாலும் வேருக்கு நைட்ரேட் நைட்ரேட்தான்.

10/
நம்ம ஐ.சி.யூ.வுல வாயால சாப்பிட முடியாத நோயாளிக்கு டிரிப்ஸ்ல கணக்குப் பார்த்து ஊட்டச்சத்து ஏத்தறோம்ல, அதே கதைதான். கணக்கு தப்பினா உடனே தெரியும். கரைசலோட பி.எச். 5.5ல இருந்து 6.5க்குள்ள இருக்கணும். அதுக்கு மேல ஏறினா தண்ணில இரும்பு இருந்தும் செடியால எடுக்க முடியாது, தளிர் இலை மஞ்சளாயிடும். 'நிறைய ஊத்தினா நல்லது'ன்னும் கிடையாது. நைட்ரஜன் கூடக் கூட பூவில் டி.எச்.சி.யும் டெர்பீனும் குறையுதுன்னு இஸ்ரேல் ஆய்வாளர்கள் காட்டியிருக்காங்க.

11/
அப்போ இந்தச் சரக்கு ஏன் இவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்கு? தண்ணியால இல்ல. பிசின் அதிகமா வர்ற ரகமாப் பார்த்துப் பார்த்துப் பெருக்கினது, ஆண் செடியை அண்ட விடாம விதையில்லாப் பூவா வளர்க்கிறது, வெளிச்சத்தையும் சாப்பாட்டையும் நாள் தவறாம கட்டுப்படுத்தறது. எல்லாம் சேர்ந்த பலன்.

அமெரிக்காவுல பிடிபட்ட கஞ்சாவை வருஷா வருஷம் சோதிச்சாங்க. 1995ல சராசரி டி.எச்.சி. சுமார் 4 சதவீதம். 2014ல சுமார் 12. 'உயர் ரகம்'ல உயர்ந்தது இதுதான். சுத்தம் இல்ல, டோஸ்.

12/
சுத்தத்தையும் பார்த்துடுவோம். மூடின டென்ட், ஈரக் காத்து, நெருக்கமான பூ. பூஞ்சைக்குக் கல்யாண வீடு. ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை இருக்கிற கஞ்சாவைப் புகைச்சு, உறுப்பு மாற்று சிகிச்சை செஞ்சுக்கிட்டவங்களுக்கு நுரையீரல் தொற்று வந்த கேஸ்கள் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. கீமோ எடுக்கிறவங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

13/
மைக்ளோபியூடனில் என்று ஒரு பூஞ்சைக்கொல்லி. திராட்சைத் தோட்டத்துல அடிக்க அனுமதி உண்டு. ஆனா சூடு பண்ணினா ஹைட்ரஜன் சயனைடு வரும். திராட்சையை யாரும் கொளுத்திப் புகைக்கிறதில்ல, கஞ்சாவைக் கொளுத்துவாங்க! 2016-17ல கனடாவுல உரிமம் வாங்கி வளர்த்த மருத்துவக் கஞ்சாவிலேயே இது கண்டுபிடிக்கப்பட்டு, சரக்கைத் திரும்ப வாங்கினாங்க. லேப்ல சோதிச்சதால வெளிய வந்துச்சு. பேஸ்மென்ட் செடியை எந்த லேப் சோதிக்கும்?

14/
சரி, அந்த அம்மாவோட உண்மையான பயம் இளையவனைப் பத்தி. அது நியாயமான பயம். மூளை 25 வயசு வரைக்கும் முதிர்ந்துக்கிட்டே இருக்கு. அந்த வேலையில மூளையோட சொந்தக் கன்னாபினாய்டு அமைப்புக்கும் பங்கு உண்டு. வெளிய இருந்து வர்ற டி.எச்.சி. அதே பூட்டுல போய் உக்காருது.

2019ல லான்செட் சைக்கியாட்ரில வந்த ஆய்வு, ஐரோப்பாவிலும் பிரேசில்லயும் 11 இடங்கள்ல நடந்தது. 10 சதவீதத்துக்கு மேல டி.எச்.சி. உள்ள கஞ்சாவைத் தினமும் எடுத்தவங்களுக்கு, எடுக்காதவங்களைவிட மனச்சிதைவு மாதிரியான தீவிர மனநோய் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 5 மடங்கு.

15/
எல்லாருக்கும் வந்துடும்னு சொல்லல. பெரும்பாலானவங்களுக்கு வராது. ஆனா யாருக்கு வரும்னு முன்கூட்டியே சொல்ற டெஸ்ட் எங்ககிட்ட இல்ல. அம்மா அப்பா, கூடப் பொறந்தவங்க யாருக்காவது மனச்சிதைவோ பைபோலாரோ இருந்தா, இந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது.

16/
"மருந்தாவும் பயன்படுதே டாக்டர்?" ஆமா. சில கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு நோய்களுக்குச் சுத்திகரிச்ச சி.பி.டி.யை அமெரிக்கா 2018ல மருந்தா அங்கீகரிச்சது. அது குழந்தையோட எடைக்கு இத்தனை மில்லிகிராம்னு அளந்து, லிவர் டெஸ்ட் பார்த்துக் கொடுக்கிற மருந்து. அளவு தெரிஞ்சாத்தான் அதுக்கு மருந்துன்னு பேர்.

17/
அந்த அம்மாவுக்கு நான் எழுதினது: மூத்தவன்கிட்ட சண்டை போடாதீங்க, சட்டம் அவன் பக்கம். டென்ட் இருக்கிற அறைக்கு பூட்டு கேளுங்க. காய்ஞ்ச பூ, கஞ்சா கலந்த கேக், பிஸ்கட் எதுவும் பிரிட்ஜ்ல இருக்கக் கூடாது. வீட்டுல செஞ்சதுல ஒரு துண்டுல எவ்வளவு டி.எச்.சி.ன்னு செஞ்சவனுக்கே தெரியாது. இளையவன்கிட்ட "தொடாதே"ன்னு மட்டும் சொல்லாம, ஏன்னு உக்காந்து பேசுங்க. அண்ணன் வாயால சொன்னா இன்னும் நல்லா ஏறும்.

18/
எந்த ஊர்ல இருந்தாலும் சரி, வீட்டுப் பிள்ளைகிட்ட இதையெல்லாம் கவனிங்க. திடீர்னு ஒதுங்கறது, ராத்தூக்கம் கெடறது, யாரோ தன்னைப் பத்திப் பேசறாங்கன்னு சந்தேகம், காதுல குரல் கேக்குது என்பது. இன்னொண்ணு, விட்டு விட்டு வர்ற கடும் வாந்தி, எண்டோஸ்கோபி நார்மல், ஆனா சுடுதண்ணில குளிச்சா மட்டும் அடங்குது. இது ரொம்ப நாள் கஞ்சா எடுக்கிறவங்களுக்கு வர்ற தனி நோய். கஞ்சாவை நிறுத்தினாத்தான் சரியாகும்.

19/
இந்தியாவுல இருக்கிறவங்க மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, போதை மீட்புக்கு 14446 கூப்பிடலாம். ரெண்டும் இலவசம். டாக்டர்கிட்ட வந்தா மறைக்காம சொல்லுங்க. வாந்திக்கு வந்தவர் கஞ்சா எடுக்கிறதைச் சொன்னா, நாலு ஸ்கேன் செலவு மிச்சம்.

ஹாஸ்டல்ல பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு இதை அனுப்பி வைங்க.