டிராம் வண்டியின் ஐந்தொகை

பிழைப்பை நாடிக் கொல்கத்தா மாநகருக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் முதன்முதலில் மனப்பாடம் செய்யும் வங்கப் பெயர்கள் வண்டித் தடங்களின் பெயர்களே. ஷியாம்பஜார், எஸ்பிளனேடு, கடியாஹாட், பாலிகஞ்ச், டாலிகஞ்ச் என்று அவற்றை நம் வீட்டுப் பிள்ளைகள் ஒப்பிப்பர். லேக் மார்க்கெட்டைச் சூழ்ந்து வாழும் நம்மவர்க்கு ராஷ்பிகாரி அவென்யூவில் மணியடித்துச் சென்ற டிராம் வண்டி நெடுநாளைய உறவு. அவ்வுறவு முறியும் காலம் நெருங்கியுள்ளது. மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே ஒரு சிறு தடத்தை மட்டும் மரபுச் சின்னமாக வைத்துக்கொண்டு, ஏனையவற்றை நிறுத்திவிட எண்ணியிருப்பதாக மேற்கு வங்க அரசு 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிவித்தது. இவ்வழக்கு கொல்கத்தா உயர் நீதிமன்றம் வரை சென்றது.

நிறுத்துவது தகுமா, தகாதா? இரயில்வே அலுவலகத்தில் வரவு செலவு ஏடுகளோடு காலம் கழிக்கும் நாம், இவ்வினாவுக்கு உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு ஓர் ஐந்தொகை எழுதிப் பார்க்க விழைகின்றோம்.

முதலில் பழைய ஏட்டைப் புரட்டுவோம். 1873ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் காட் படித்துறை வரை குதிரைகள் இழுத்த டிராம் ஓடியது. போதிய ஆதரவின்றி அவ்வாண்டு நவம்பரிலேயே அது நின்றது. 1880இல் கல்கத்தா டிராம்வே கம்பெனி தோன்றிய பின்னர் தொழில் வேரூன்றியது. 1902ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் எஸ்பிளனேடிலிருந்து கிதர்ப்பூருக்கு மின்சார டிராம் புறப்பட்டது. 1943இல் புதிய ஹவுரா பாலம் திறக்கப்பட்டபோது அதன்மீது முதலில் சென்ற வாகனமும் டிராம் வண்டியே. 1953இல் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா உயர்ந்ததற்கு நகரமே கொதித்தெழுந்தது. ஏழை எளியவரின் அன்றாட வாழ்வில் இவ்வண்டி எவ்வளவு ஆழமாகக் கலந்திருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அதே 1953ஆம் ஆண்டு ஏப்ரலில் நம் சென்னையில் டிராம் கடைசி முறையாக ஓடி நின்றது. இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடிய நகரம் சென்னை, அது 1895இல். நடத்திய கம்பெனி நொடித்துப் போகவே, தண்டவாளங்கள் மறைந்தன. பம்பாய் 1964இல் கைவிட்டது. எஞ்சியது கொல்கத்தா ஒன்றே.

இனி வரவுப் பக்கத்தை நோக்குவோம்.

இருப்புச் சக்கரம் இருப்புத் தண்டவாளத்தின்மீது உருளும்போது உண்டாகும் தடை, இரப்பர்ச் சக்கரம் சாலையில் உருளும்போது உண்டாகும் தடையினும் மிகக் குறைவு. ஆகவே அதே சுமையை இழுக்கச் சிறிதளவு ஆற்றலே போதும். தெருவில் புகையில்லை, டயர் தேய்ந்து எழும் தூசியில்லை, மாற்ற வேண்டிய மின்கல அடுக்கும் இல்லை. நன்கு பேணினால் ஒரு டிராம் வண்டி பல பத்தாண்டுகள் உழைக்கும். இரட்டைப் பெட்டி வண்டி ஒன்றில் நூற்றுக்கு மேற்பட்டோர் செல்வர். அத்தனை பேரும் தனித்தனியே மோட்டார் வண்டியேறினால் தெரு முழுதும் அடைபட்டுவிடும். கட்டணமோ பேருந்தினும் குறைவு.

பற்றுப் பக்கத்தை மறைப்பது கணக்கனுக்கு அழகன்று. டிராம் மெதுவாகவே செல்கிறது. ஒரு வண்டி பழுதுற்றால் பின்வருவனவெல்லாம் நிற்கும். தெரு நடுவில் இறங்கும் முதியோர், விரைந்து வரும் வண்டிகளைத் தாண்டியே நடைபாதைக்கு வரவேண்டும். இந்நகர மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியால் பிறப்பதாகலின், தெருவில் தோன்றாத புகை பட்ஜ்பட்ஜ் போன்ற அனல் நிலையத்தில் தோன்றுகிறது. நகரப் பரப்பில் சாலைகளின் பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடே. அச்சிறு இடத்தில் டிராமும் நின்றால் நெரிசல் மிகும் என்பது அரசின் வாதம்.

ஆயினும் இப்பற்றுகளில் சில எவ்வாறு ஏறின என்று ஆராய்தல் வேண்டும். முன்னாளில் பல சாலைகளில் டிராமுக்கென்று தனிப் படுகை இருந்தது. பின்னர்த் தண்டவாளங்களைச் சாலையோடு சமமாகக் கான்கிரீட்டில் பதித்தனர். மோட்டார் வண்டிகள் தடத்தின்மீது ஏறின. டிராம் அவற்றின் பின்னே ஊர்ந்தது. ஊர்வதைக் கண்டு மக்கள் விலகினர். மக்கள் விலகியதைக் காட்டித் தடங்கள் குறைக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்பன் புயல் மரங்களையும் மின்கம்பிகளையும் வீழ்த்தியபின், மைதானத்துப் பசும்புல் நடுவே சென்ற கிதர்ப்பூர்த் தடம் நின்றது. நிலத்தடி இரயில் கட்டும் பொருட்டு டல்ஹௌசி சதுக்கத்துத் தடங்களும் நிறுத்தப்பட்டன. நோயாளிக்கு உணவைக் குறைத்துவிட்டு, உடல் மெலிந்தது அவன் குற்றம் எனல் முறையாகுமா?

நிலத்தடி இரயிலை நாம் குறைகூறவில்லை. 1984ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய அதுவே இந்நாட்டின் முதல் மெட்ரோ. அதற்கு அடிக்கல் நாட்டியது 1972இல். டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை முழுதும் இணைந்தது 1995இல். ஹூக்ளி ஆற்றின் அடியே செல்லும் தடம் 2024 மார்ச்சில் திறந்தது. 2025 ஆகஸ்டில் ஹவுராவும் சியால்தாவும் மெட்ரோவால் இணைந்தன. நெடுந்தொலைவை விரைந்து கடக்க அதற்கு நிகரில்லை. ஆனால் நிலையத்திலிருந்து வீட்டுத் தெரு வரையுள்ள ஒரு கல், இரண்டு கல் தொலைவை அது கடத்துவதில்லை. அந்தச் சிறு தொலைவே மாதச் சம்பளத்தில் ஆட்டோ ரிக்ஷாவுக்கென ஒரு பங்கை விழுங்குவது.

ஒரு வட்டாரத்தின் போக்குவரத்தை ஒரு சங்கிலியாகக் காண்பதே திட்டமிடுவோர் கடமை. புறநகர் இரயிலின் வெண்டர் பெட்டியில் விடியுமுன் மீனும் காய்கறியும் சியால்தாவில் வந்து இறங்குகின்றன. ஹவுராவில் இறங்குவோரில் பலர் படகேறி ஆற்றைக் கடக்கின்றனர். இரயில், படகு, மெட்ரோ, பேருந்து, டிராம், நடைபாதை என்ற வரிசையில் ஒரு கண்ணி அறுந்தாலும் பயணி மோட்டார் வண்டியை நாடுவான். மோட்டார் மிகுந்தால் சாலை குறுகும். சாலை குறுகினால் அடுத்த கண்ணியின் மீதும் பழி விழும்.

நிலைத்து நிற்கத்தக்கது எது என்று மதிப்பிடுவோர் இன்றைய வேகத்தையும் இன்றைய நட்டத்தையும் மட்டும் பார்த்தல் போதாது. ஒரு பயணியைக் கொண்டுசெல்ல எவ்வளவு ஆற்றல், எவ்வளவு இடம், எவ்வளவு செலவு என்று கேட்க வேண்டும். அச்செலவைத் தாங்குவது யாருடைய மடி என்றும் கேட்க வேண்டும். பேருந்துத் தடத்தை இன்று நிறுத்தி நாளை மீட்டல் எளிது. பெயர்த்தெடுத்த தண்டவாளத்தை மீண்டும் பதித்தல் அங்ஙனமன்று. 1930களில் டிராமை ஒழித்த பாரிசு நகரம், 1992இல் அதன் புறநகரில் புதிய தண்டவாளம் பதித்தே மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. கொல்கத்தாவிலோ தண்டவாளம் பல தெருக்களில் இன்னும் கிடக்கிறது.

எல்லாத் தடங்களையும் மீட்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. குறுகிய தெருக்களில் விட்டுவிடலாம். அகன்ற சாலைகளிலும் மைதானத்திலும் தனிப் படுகையைத் திரும்ப அளித்து, மெட்ரோ நிலையங்களோடு இணைத்து, நிறுத்தங்களில் ஏறுமேடை அமைத்தால் பற்றுப் பக்கத்தின் பாதி கரைந்துவிடும் என்பதே நம் கணிப்பு.

சென்னையில் டிராம் மறைந்ததை நம் பாட்டன்மார் வாளாவிருந்து கண்டனர். இங்கு வந்து குடியேறிய நாம் அவ்வாறு இருத்தல் ஆகாது. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, எஞ்சியுள்ள தடத்தில் சீட்டு வாங்கி ஏறுங்கள். ஏறுவோர் தொகை எந்தக் கணக்கேட்டிலும் ஒரு வரவுதான். அதனை யாரும் மறுக்கவியலாது.