லாக் நெஸ் ஏரியில் இறங்கிய வெலிங்டன்

1940 டிசம்பர் 31. ஸ்காட்லாந்தின் லாசிமத் தளத்திலிருந்து ஒரு வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் பயிற்சிக்காகக் கிளம்பியது. உள்ளே எட்டுப் பேர். மலைகளுக்கு மேல் பனி கொட்டியது. வலப்பக்க இன்ஜின் நின்றுபோனது.

விமானி குதிக்கச் சொன்னார். ஆறு பேர் குதித்தார்கள், ஐவர் பிழைத்தார்கள். பின்பக்கத் துப்பாக்கி வீரருக்குப் பாராசூட் கைகொடுக்கவில்லை. எதிரியே இல்லாத வானத்தில், சொந்த மண்ணில் போன உயிர் அது. மீதி இருவரும் விமானத்தை லாக் நெஸ் ஏரியில் இறக்கி, ரப்பர் படகில் கரை சேர்ந்தார்கள்.

அதே விமானம் 1939 டிசம்பரில் ஹெலிகோலாந்து வளைகுடாச் சண்டையிலிருந்து தப்பி வந்தது. அன்று ஜெர்மானியரின் தாக்குதலில் சிக்கிய வெலிங்டன்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. இப்படிப் போரில் உழைத்துத் தேய்ந்தவைதான் பெரும்பாலும் பயிற்சிப் பிரிவுகளுக்கு வந்தன. ஓட்டக் கற்கும் பிள்ளைகளுக்குக் களைத்த இன்ஜின்! இதை விதி என்று சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. போரில் இறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையினர் 55,573 பேர். அவர்களில் ஏறத்தாழ 8,000 பேரைக் கொன்றவை பயிற்சியும் பிற விபத்துகளும். நினைவு விழாக்களில் இவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

1976இல் ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் மர்ம விலங்கைத் தேடியவர்களின் சோனாரில் விமானம் தென்பட்டது. 1985இல் தூக்கியபோது, பாட்டரி இணைத்ததும் வால் விளக்குகள் எரிந்தன. இப்போது அது பிறந்த இடமான புரூக்லாண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை ஏரியில் இறக்கிய விமானி, பின்னர் ஒரு குண்டுவீச்சுத் தாக்குதலில் சுட்டு வீழ்த்தப்பட்டு ஜெர்மனியில் போர்க்கைதியானார்.